மயிலைத் தின்ற கோழிகள்

நான் சுற்றுச்சூழலைக் காப்பாற்றும் வேலையில் இருக்கிறேன். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். கேட்டவர் காடு, யானை, நதி என்று எதையோ கற்பனை செய்துகொண்டு மரியாதையாகத் தலையாட்டுவார். பக்கத்தில் நிற்கும் என் மனைவிதான் விடமாட்டாள். “குப்பை ஸ்டோருக்கு இன்சார்ஜ்” என்று பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே திருத்துவாள்.

அவள் சொல்வதுதான் உண்மை. மலேசியாவில், கூலாய்ப் பக்கத்துத் தொழிற்பேட்டை ஒன்றில், சர்க்யூட் போர்டு செய்யும் தொழிற்சாலையில் கழிவுக் கிடங்குக்கு நான் பொறுப்பு. உங்கள் கைப்பேசியைப் பிரித்தால் உள்ளே பச்சையாக ஒரு தகடு இருக்குமே, அதுதான் சர்க்யூட் போர்டு. செம்புத் தகட்டில் மயிரிழைக் கோடுகளாக மின்சாரம் போகும் பாதைகளை உண்டாக்க வேண்டும். கையால் வரைகிற காரியம் இல்லை என்பதால், பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் செய்த வேலையைத்தான் நாங்கள் பெரிய இயந்திரம் வைத்துச் செய்கிறோம். தகட்டின் மேல் டிரை பிலிம் என்ற மெல்லிய நீலப் படலத்தை ஒட்டி, அதில் வெளிச்சத்தைப் பாய்ச்சுவோம். வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாகிவிடும். படாத இடம் சலவைச் சோடாத் தண்ணீரில் கரைந்து போய்விடும். பிறகு, மூடாமல் கிடக்கும் செம்பை எல்லாம் ரசாயனம் அரித்துவிட, படலத்துக்கு அடியில் ஒளிந்திருந்த செம்பு மட்டும் பிழைத்துக்கொள்ளும். அதுதான் பாதை.

பாதை கிடைத்ததும் படலத்தின் வேலை முடிந்தது. காஸ்டிக் சோடாவில் விட்டு உரித்தெடுத்துவிடுவோம். உங்கள் கையில் வந்து சேரும் கைப்பேசியில் அந்தப் படலத்தின் ஒரு துணுக்குகூட இருக்காது. கப்பலில் வரவழைத்து, குளிரூட்டிய அறையில் வைத்து, வெளிச்சம் பட்டுவிடாமல் மஞ்சள் விளக்கின் கீழே மாப்பிள்ளை மாதிரி பார்த்துப் பார்த்து நடத்துகிறோமே, அது முழுக்க முழுக்கக் குப்பையாவதற்காகத்தான். ஒரு பொருளை அவமானப்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

என்னிடம் வரும்போது மாப்பிள்ளைக் களை எல்லாம் போயிருக்கும். ஊறிப்போன அப்பளத்தைக் கிழித்துப் போட்டதுபோல, கொழகொழவென்று, மூட்டை மூட்டையாக நீலச் சருகு. காஸ்டிக்கில் ஊறிய பிளாஸ்டிக், அதில் கொஞ்சம் செம்பும் ஒட்டியிருக்கும். சட்டப்படி அபாயக் கழிவு. லேபிள் ஒட்டிப் பூட்டி வைத்திருந்து, உரிமம் வாங்கிய நிறுவனத்தின் லோரி வந்ததும் எடை போட்டு ஏற்றிவிட வேண்டும். அவர்கள் கொண்டுபோய் எரிப்பார்கள். எடை கூடினால் கட்டணமும் கூடும்.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. அது எப்போதாவதுதான் செய்யும், செய்தால் விபரீதம். மூட்டையில் பாதி வெறும் தண்ணீர். தண்ணீரை எரிக்க எதற்குக் கட்டணம் கட்ட வேண்டும்? கிடங்குக்குப் பின்னால் தார்பாய் விரித்து, நீலச் சருகை வடகம் காயப்போடுவதுபோல் பரப்பினேன். ஜொகூர் வெயிலில் ஒரே மதியத்தில் மொறுமொறுவென்று காய்ந்தது. காகம்கூடக் கிட்டே வரவில்லை. அதை ஒரு வசதி என்றுதான் அப்போது நினைத்தேன்.

எடை இறங்கியது. நிர்வாகம் மகிழ்ந்து எனக்குக் கழிவுக் குறைப்பு விருது கொடுத்தது. கண்ணாடியில் செய்த ஓர் இலை. காற்றடித்தபோதெல்லாம் தார்பாயிலிருந்து பறந்து மழைக்கால்வாய்க்குள் போன சருகும் எடையில் வரவில்லைதான். ஆனால் விருதுக் குழுவினர் காற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததற்கெல்லாம் பதில் சொல்வது என் சுபாவம் இல்லை.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் நான்தான். மேசையில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய காய்ந்த சருகு வைத்திருப்பேன். அதைத் தூக்கிக் காட்டி இரண்டு வசனம் தவறாமல் பேசுவேன். “குப்பைய உண்டாக்கினவன்தான் கடைசி வரைக்கும் அதுக்குப் பொறுப்பு.” இது சட்டத்தில் இருப்பது. அடுத்தது, பயந்துபோய் மறுநாள் யாரும் வராமல் இருந்துவிடக் கூடாதே என்று நானே சேர்த்துக்கொண்டது: “பயப்படாதீங்க, காஞ்சிருச்சின்னா இது நெயில் பாலிஷ் மாதிரிதான்.” கைதட்டல் எப்போதும் இரண்டாவதற்குத்தான் கிடைக்கும்.

இப்படி நான் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது தீபாவளி வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் கோலப் போட்டி உண்டு. இங்கே கோலம் என்றால் மாவு இல்லை. அரிசிக்குச் சாயம் ஏற்றி, காயவைத்து, வரவேற்புக் கூடத்துத் தரையில் கிலோ கணக்கில் கொட்டி வரைவது. பகுதிக்கு ஒரு குழு. போட்டி முடிந்ததும் அந்த அரிசியை எல்லாம் கூட்டி அள்ளி, கேண்டீனில் சமைக்கும் மாக்சிக்கிடம் கொடுத்துவிடுவோம். மாக்சிக், பண்டார் தெங்காரா போகும் சாலையில், செம்பனை எண்ணெய்த் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருக்கும் மலாய்க்கார அம்மா. வீட்டில் கம்பத்துக் கோழி வளர்க்கிறார். சாப்பாட்டுப் பொருளை மிதித்துவிட்டோமே என்று எங்கள் ஆட்களுக்கு இருக்கும் மன உறுத்தல், மாக்சிக்கின் கோழிகள் வயிறு நிறைய தின்பதால் தீர்ந்துவிடும். அதனாலேயே போட்டியில் ஒரு கண்டிப்பான விதி: பலகாரத்துக்குப் போடுகிற சாயம் மட்டும்தான் அரிசியில் சேர்க்கலாம்.

இந்தத் தடவை மாக்சிக்குக்கு அரிசியின் மேல் தனி அக்கறை. கடைசி மகளுக்குக் கல்யாணம். தீபாவளி வாரத்துச் சனிக்கிழமை விருந்து. கம்பமே வரும். விருந்துக்கு, தேங்காய் வறுத்துப் போட்ட ரெண்டாங் கறி செய்ய ஒரு கூட்டம் கோழிகளை அவர் மாசக்கணக்காகத் தேற்றிக்கொண்டிருந்தார். “நல்லாப் பெரிய கோலமா போடச் சொல்லு” என்று சோறு போடும்போதெல்லாம் எங்களிடம் சொல்வார். அவருடைய அழகுணர்ச்சியை நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

நிர்வாகம் கொடுத்த தலைப்பு, ‘பசுமைப் பூமி’. மஞ்சள் அறைக் குழுவுக்குத் தலைவி ஓர் அக்கா. படலத்தைத் தகட்டில் ஒட்டும் இயந்திரத்தில் வேலை. கோலத்தில் அவரை அடிக்க ஆளில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். முதலில் அவரே சொல்லிவிடுவார். பூமி உருண்டையின் மேல் ஒரு மயில் தோகை விரித்து நிற்பதாக அவருடைய திட்டம். தோகை வந்தது, கொண்டை வந்தது. கழுத்து மட்டும் வரவில்லை. பலகாரச் சாயத்தில் நீலம் எத்தனை தடவை ஏற்றினாலும், பலமுறை துவைத்த பள்ளிச் சீருடை மாதிரிதான் இருந்தது.

அந்த வெறுப்பில், மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா கிடங்குப் பக்கம் நடந்து வந்தார். தார்பாயில் என் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா அப்படியே நின்றுவிட்டார். பெயர் தெரியாத ஏதோ ஒரு நீலத்தில், வெயில் பட்டுத் தகதகவென்று மின்னியது.

“என்னா தம்பி இது?”

“உங்க பிலிம்தான்க்கா. நீங்க ஒட்டுறீங்க, நான் ஒப்பாரி வைக்கிறேன்.”

“போங்க தம்பி. எங்க பிலிம் இப்படியா இருக்கும்?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மஞ்சள் விளக்கில் எந்த நிறமும் அதன் நிறமாக இருக்காது. வேலைக்கு வந்த காலத்திலிருந்து தினமும் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளை அக்கா அன்றுதான் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறார். கையில் கொஞ்சம் அள்ளி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்து கிடைத்துவிட்டது என்று முகத்தில் எழுதியிருந்தது.

“கோலத்துக்குக் கொஞ்சம் எடுத்துக்கவா? விஷம் கிஷம் ஒண்ணும் இல்லியே?”

நான் விருது வாங்கியவன். அந்த மிடுக்கோடு சொன்னேன்: “காஞ்சிருச்சின்னா நெயில் பாலிஷ் மாதிரிதான்க்கா.”

அக்கா கொஞ்சம் என்றால் கொஞ்சம் எடுக்கிற ஆள் இல்லை. ஒரு வாளி போனது. எடை குறைகிறதே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம் வேறு. தரையில் மயிலாக நிற்கப்போகிறது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். அரிசிக்குப் போட்டிக்குப் பிறகும் ஒரு வாழ்க்கை உண்டு என்பது அக்காவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மற்றவர்கள் கழிவின் அடுத்த கட்டத்தை யோசிக்கவில்லை என்று பயிற்சியில் மணிக்கணக்காகக் குறை சொல்பவன் நான்.

மயில் முதல் பரிசு வாங்கியது. வாங்காமல் என்ன செய்யும்? கழுத்து அப்படி ஜொலித்தது. ஜெனரல் மேனேஜர் குனிந்து பார்த்து, “இயற்கையான நிறம்” என்றார். அந்த நேரம் பார்த்து வந்திருந்த வாடிக்கையாளர் நிறுவனத்துக்காரர்கள், சுற்றுச்சூழல் தணிக்கைக்காக வந்தவர்கள், மயிலோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அபாயக் கழிவுக் கிடங்கில் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று காலையெல்லாம் அளந்து பார்த்தவர்கள், மதியம் அபாயக் கழிவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு விரலைக் காட்டிச் சிரித்தார்கள். விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, துப்புரவுக்காரர்கள் எல்லாக் கோலங்களையும் கூட்டி, கோணிப்பையில் கட்டி, மாக்சிக்கின் வேனில் ஏற்றினார்கள்.

திங்கட்கிழமை தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டை போட்டு, சாப்பிட உட்கார்ந்தேன். கோழிப் பிரட்டலில் ஒரு காலை எடுத்து வாயருகே கொண்டுபோனபோது தொலைபேசி அடித்தது. அக்கா. வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

“தம்பி, என்னா சாப்பிடுறீங்க?”

“கோழிக்கா. வாங்களேன்.”

“நானும் அதத்தான் தட்டுல வச்சிப் பாத்துக்கிட்டு இருக்கேன். தம்பி... அந்த அரிசி எங்க போச்சி?”

கோழிக்கால் கையிலேயே நின்றது. தொலைபேசியில் அக்கா வீட்டுப் பட்டாசுச் சத்தம் மட்டும் கேட்டது.

“நெயில் பாலிஷ்ன்னு சொன்னீங்களே” என்றார் அக்கா, மெதுவாக.

“நெயில் பாலிஷ யாராச்சும் சாப்பிடுவாங்களாக்கா?”

“அதத்தான் நான் உங்களக் கேக்குறேன்.”

மாக்சிக்கைக் கூப்பிட்டோம், எடுக்கவில்லை. கல்யாண வீட்டில் தொலைபேசி எங்கே கிடக்கிறதோ. விஷயத்தைக் கேட்ட மனைவி ஆத்திரப்படவில்லை. ஒரு டப்பாவில் முறுக்கை அடுக்கிக் கையில் கொடுத்தாள். “வெறுங்கையோட போகாதீங்க. சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிருங்க. இல்லன்னா அந்த விருந்துல ரெண்டாங் நீங்கதான்.”

அக்காவை ஏற்றிக்கொண்டு வண்டியை விட்டேன். இருபுறமும் செம்பனை. வழியெல்லாம் அக்கா எனக்குத் தேர்வு வைத்தார். கோழி அதைத் தின்னுமா? தின்னாது என்றேன், காகமே தொடவில்லையே. அரிசியோடு கலந்து கிடந்தால்? அதை எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை என்றேன். தின்ற கோழியை மனுசன் தின்றால்? ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். அக்கா கையை நீட்டி அதை அணைத்தார்.

மாக்சிக் வீட்டு வாசலில் ஏற்கனவே விருந்துப் பந்தல் கால் நட்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவருக்கு ஒரே மகிழ்ச்சி. தீபாவளி அன்று தன்னைத் தேடி வந்திருக்கிறோமே என்று முறுக்கு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவர் பேசியது மலாய். அதை என் தமிழில் எழுதுகிறேன். தமிழில் அவருக்குத் தெரிந்தது ‘தம்பி’ ஒன்றுதான். அதை மட்டும் தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்.

“வா, வா. கோழியப் பாரு தம்பி. இந்த வருஷத்து அரிசி என்னா ருசியோ, அடிச்சிக்கிட்டுத் திங்குதுங்க.”

பார்த்தோம். முற்றத்தில் கோலம் சிதறிக் கிடந்தது. பூமி உருண்டை பாதி காலி. தோகையில் சில வரிகள் மட்டும் மிச்சம். சேவல் ஒன்று தலையைச் சாய்த்து, ஆராய்ந்து, பச்சையையும் மஞ்சளையும் ஒதுக்கிவிட்டு நீலத்தை மட்டும் பொறுக்கியது. ரசனை உள்ள சேவல். ஜெனரல் மேனேஜரும் அதைத்தான் முதலில் கவனித்தார்.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து, கண்ணால் தரையைக் காட்டினார். முற்றமெங்கும் கோழி எச்சம். எச்சத்தில் பொடிப்பொடியாக நீலம் மின்னியது. அந்த நீலம் எனக்கு நன்றாகத் தெரியும். என் மேசையில் ஜாடி நிறைய இருக்கிறது.

“மாக்சிக்,” என்று ஆரம்பித்தேன். “இந்த அரிசியில, வந்து, ஒரு சின்ன விஷயம்.”

“என்னா விஷயம்?”

எனக்குத் தெரிந்த பேச்சு எல்லாம் தணிக்கைக்காரர்களிடம் பேசும் பேச்சு. அதையே எடுத்துவிட்டேன். கோலத்தில் உணவல்லாத ஒரு பொருள் தவறுதலாகச் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு என்றேன். கலந்திருக்கும் அளவைப் பொறுத்தது என்றேன். ஆபத்து குறைந்த பட்சமாக இருக்கலாம், ஆனால் முன்னெச்சரிக்கை என்ற அடிப்படையில் பார்த்தால் என்று இழுத்தேன். மாக்சிக் முறுக்கு ஒன்றைக் கடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

“தம்பி, கோழிய சாப்பிடலாமா, கூடாதா?”

“அது பாத்தீங்கன்னா...”

“சனிக்கிழம கம்பமே வருது. மாப்பிள்ளை வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு. சாப்பிடலாமா, கூடாதா?”

எத்தனையோ தணிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவர்கள் கேட்பதெல்லாம், நடைமுறை உண்டா, பயிற்சி உண்டா, லேபிள் உண்டா. எல்லாவற்றுக்கும் உண்டு.

“சொல்லித் தொலைங்க தம்பி” என்று தமிழில் முணுமுணுத்தார் அக்கா.

“கூடாது” என்றேன்.

மாக்சிக்கின் வாயில் முறுக்கு நின்றது. “ஏன்?”

சொன்னேன். பிளாஸ்டிக். அதில் காஸ்டிக் சோடா ஊறியிருக்கும். கொஞ்சம் செம்பும் இருக்கும். அதைத் தின்ற கோழிக்கு என்ன ஆகும், கோழியைத் தின்றவர்களுக்கு என்ன ஆகும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியாது என்பதால்தான் கூடாது. இவ்வளவு நேராக நான் யாரிடமும் என் வேலையை விளக்கியதில்லை. ஜாடியைத் தூக்கிக் காட்டிய எந்தப் பயிற்சியிலும் இது வந்ததில்லை.

“அலமாக்!” என்று தலையில் கைவைத்தார் மாக்சிக். பிறகு திட்ட ஆரம்பித்தார். அதை மொழிபெயர்க்க என் தமிழ் போதாது. பெரிய படிப்புப் படித்தவன், பெரிய பேட்ஜ் மாட்டியவன், கோழித்தீனியில் போய் பிளாஸ்டிக்கைக் கொட்டுவானா? மாசக்கணக்காக வளர்த்த கோழி! கடைக் கோழியில் ரெண்டாங் வைத்தால் சம்பந்தி வீட்டார் ஆயுசுக்கும் பேச மாட்டார்களா? அக்காவுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. மயில் அப்படி ஒன்றும் நன்றாக இல்லை என்றும், கால் வாத்துக்கால் மாதிரி இருந்தது என்றும் மாக்சிக் சொல்ல, அவ்வளவு நேரம் தலைகுனிந்து நின்ற அக்காவுக்கு அது மட்டும் பொறுக்கவில்லை.

“மாக்சிக், கோழியப் பத்தி என்னா வேணும்னாலும் சொல்லுங்க. மயில் காலப் பத்திச் சொல்லாதீங்க.”

திட்டி முடித்து மாக்சிக் கூண்டைக் காட்டினார். “இதுங்கள எடுத்துட்டுப் போ. என் முத்தத்துல இருந்தா யாராச்சும் அடிச்சித் தின்னுருவாங்க. என்னால காவல் காக்க முடியாது.”

“நானா? நான் ஒட்டி ஒட்டிக் கட்டின டேரஸ் வீட்டுல இருக்கேன் மாக்சிக். கோழிய வச்சி நான் என்னா பண்றது?”

பதில் அக்காவிடமிருந்து வந்தது. பயிற்சியில் நான் பேசும் அதே குரலில், ஜாடியைத் தூக்குவதுபோல் கையை உயர்த்தி, “குப்பைய உண்டாக்கினவன்தான் கடைசி வரைக்கும் அதுக்குப் பொறுப்பு” என்றார். என் பயிற்சியை ஒருவராவது கவனித்துக் கேட்டிருக்கிறார் என்று பெருமைப்பட வேண்டிய நேரம்தான். முடியவில்லை.

புதுச் சட்டையோடு முற்றத்தில் குந்தினேன். ஈர்க்கு விளக்குமாற்றால் அக்கா கூட்ட, நான் அள்ளிக் கோணிப்பையில் போட்டேன். மண்ணோடு ஒட்டியதை விரலால் பொறுக்கினோம். கிடங்கில் மூட்டையாகப் பார்க்கும்போது அது ஓர் எடை, அவ்வளவுதான். ஒவ்வொன்றாகப் பொறுக்கும்போதுதான் ஒரு வாளி என்பது எவ்வளவு என்று தெரிந்தது. பாதிகூட முடிக்கவில்லை, மூன்று மணி மழை வந்துவிட்டது. மிச்சம் இருந்த நீலம் எழுந்து மிதந்து, வாசல் ஓடையில் இறங்கி, செம்பனைக்குள் வரிசையாகப் போனது. ஓடி ஓடிப் பிடித்தோம். கைக்குக் கிடைத்தது கொஞ்சம். எங்கள் தொழிற்சாலைக் கால்வாயில் இப்படி எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே துரத்திப் பிடிக்க ஆள் இல்லை. விருது மட்டும் இருந்தது.

மறுநாள் மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் உண்மையிலேயே அதிர்ந்துவிட்டார். “அந்தப் படத்த கஸ்டமருக்கு அனுப்பிட்டோமே!” என்றார். பிறகு, கோழிகளைப் பற்றியும் விசாரித்தார் என்று நினைவு. தார்பாயை அன்றே சுருட்டச் செய்தேன். சருகு பழையபடி ஈரமாகவே மூட்டையில் போகிறது. கழிவின் எடை ஏன் கூடிவிட்டது என்று இப்போது என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். காற்றின் ஒத்துழைப்பை நிறுத்திக்கொண்டோம் என்று எழுதலாமா என்று யோசிக்கிறேன். மயில் படம் மட்டும் சட்டம் போட்டு வரவேற்புக் கூடத்தில் தொங்குகிறது.

சனிக்கிழமைக்குக் கோழி வேண்டும். அதுவும் கம்பத்துக் கோழியாக, உயிரோடு வேண்டும். தன் வீட்டு ஆள்தான் முறைப்படி அறுப்பார் என்று மாக்சிக் சொல்லிவிட்டார். கூலாயில் கிடைக்கவில்லை. பாலோவில் தோட்டத்துப் பக்கம் ஒருவர் வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டு, விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். நல்ல கோழிகள். ஆனால் எனக்கு இப்போது கோழி என்றால் கண் முதலில் போகிற இடமே வேறு. தரையில் குந்தி எச்சத்தைக் குச்சியால் கிளறினேன்.

கோழிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி எந்த டிபார்ட்மெண்ட்டு?”

“டிபார்ட்மெண்ட் எல்லாம் இல்லண்ணே. கல்யாணத்துக்கு வாங்க வந்தேன். என்னா தீனி போடுறீங்க?”

“அரிசிதான்.”

“வெள்ளை அரிசியா?”

அவர் வீட்டுக்குள்ளிருந்த மனைவியைக் கூப்பிட்டு வெளியே நிற்க வைத்துக்கொண்டார். தனியாக என்னிடம் பேச அவருக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். இருந்தாலும் விற்றார், கோழிகளை உயிரோடு மாக்சிக் வீட்டில் இறக்கினேன்.

மாக்சிக்கின் பழைய கோழிகள் என் வீட்டுப் பின்கட்டில் இருக்கின்றன. மாக்சிக் சாபமிட்டும், சாப்பிட்ட மயில் உள்ளே இருந்தும், ஒன்றும் சாகவில்லை. கொழுகொழுவென்று இருக்கின்றன. முட்டை வேறு இடுகின்றன. முட்டையைத் தொட மனைவி மறுத்துவிட்டாள். கழிவு லோரியிலாவது ஏற்ற முடியுமா என்று டிரைவரைக் கேட்டேன். முட்டைக்குப் பட்டியலில் இடம் இல்லை, கோழிக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார். சேவல் விடியற்காலையில் கூவும்போது பக்கத்து வீட்டுச் சீனர் சுவரைத் தட்டுகிறார். சுற்றுச்சூழலைக் காப்பாற்றுபவரே, இவற்றை எப்போது அப்புறப்படுத்துவீர்கள் என்று மனைவி கேட்கிறாள். எப்போது என்று எனக்குத் தெரியாது. சட்டத்தில் ‘கடைசி வரைக்கும்’ என்றுதான் இருக்கிறது.

சனிக்கிழமை விருந்துக்கு நானும் மனைவியும் அக்காவும் போனோம். பந்தல் நிறைந்திருந்தது. மணப்பெண் மாப்பிள்ளையோடு மேடையில் உட்கார்ந்திருந்தாள். முதல் பந்திக்கு ரெண்டாங் சட்டியைத் திறக்கப் போகிறார்கள். சம்பந்தி வீட்டார், சின்னப் பிள்ளைகளோடு, தட்டுகளை முன்னால் வைத்துக் காத்திருந்தார்கள். மாக்சிக் கரண்டியோடு வந்து கூட்டத்தில் என்னைத் தேடினார்.

“தம்பி, இங்க வா.”

போனேன். சட்டியைத் திறந்தார். தேங்காய் வறுத்த மணம் மூக்கில் ஏறியது. ஒரு தட்டில் சோறு போட்டு, மேலே பெரிய துண்டாக ஒன்று வைத்து, என் கையில் கொடுத்தார்.

“சாப்பிடு.”

“பெரியவங்க முதல்ல சாப்பிடட்டும் மாக்சிக். நான் அப்புறமா...”

“நீ முதல்ல.”

பந்தலே எங்கள் பக்கம் திரும்பியது. எல்லோருக்கும் கதை தெரிந்திருக்கிறது என்பது அவர்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. மாப்பிள்ளை வீட்டுச் சின்னப் பிள்ளைகள் நாற்காலியின் மேல் ஏறி நின்று பார்த்தார்கள். எத்தனையோ மூட்டைகளுக்குப் பாதுகாப்பானது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்; அந்தக் கையால் எதையும் எடுத்து வாயில் வைக்கும்படி இதுவரை யாரும் சொன்னதில்லை. பிட்டேன். மென்றேன். விழுங்கினேன். நல்ல காரம். கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் கூட்டம் கவனித்துக்கொண்டது.

மாக்சிக் உடனே கரண்டியை எடுக்கவில்லை. இடுப்பில் கைவைத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உதவிக்கு யாராவது சிரிப்பார்களா என்று திரும்பினேன். என் மனைவியும் அக்காவும் பக்கத்துப் பக்கத்தில், கையில் தட்டோடு, இன்னும் ஒரு வாயும் சாப்பிடாமல், எனக்கு ஏதாவது ஆகிறதா என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.